குப்பை என்ற சொல்லும் கடற்கரை மணல்மேடும்

சங்கப் பாடல்களில் 'குப்பை' வரும் இடங்களைத் தேடிப் போகிறவருக்கு முதலில் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. நெல்லும் குப்பை, உப்பும் குப்பை. நற்றிணையின் நெய்தல் பாட்டு ஒன்றில், உமணர்கள் மலைநாட்டுக்கு ஏற்றிப்போய் விற்கிற உப்பு குன்று மாதிரிக் குப்பையாகக் கிடக்கிறது. குவிந்தது எதுவோ அது குப்பை; விலைபோகிற சரக்குக்கும் அதே பெயர்தான். வேண்டாதது, தொடக்கூடாதது, கண்ணில் படக்கூடாதது என்ற அர்த்தங்கள் அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி உட்கார்ந்து இன்று அதை முழுசாக அமுக்கிவிட்டன. குறுந்தொகையில் கோழிகள் சண்டை போடுகிற குப்பைமேடு வருகிறதே என்று தமிழ் படித்தவர்கள் உடனே மடக்குவார்கள். வருகிறது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் சேர்ந்த அந்த மேட்டுக்கும் ஒரு போக்கிடம் இருந்தது. இன்றைக்கும் உழவர் வீட்டில் 'வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?' என்று கேட்டால் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. எரு போட்டாகிவிட்டதா என்பதுதான் கேள்வி.

அடிக்க முடியாத குப்பை என்று ஒன்று வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அது எங்கே போய்ச் சேர்கிறது, அங்கே ஏன் சேர்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது. கடற்கரை மணல்மேடுகளில் பிளாஸ்டிக் கிடப்பதைப் பற்றிய நம் சொல்லாடல் முழுக்க 'நாம்' என்ற தன்மைப் பன்மையிலேயே ஓடுகிறது. நாம் வீசுகிறோம், நமக்கு விழிப்புணர்வு போதவில்லை, நாம் திருந்த வேண்டும். இந்த 'நாம்' யாரையும் குறிப்பதில்லை, யாரையும் விடுவதுமில்லை. என் எண்ணம் வேறு. மணல்மேட்டின்மேல் பிளாஸ்டிக் வந்து விழுவதற்கு நூறாண்டுக்கு முன்பே அந்த மேடு காகிதத்தில் குப்பையாக்கப்பட்டுவிட்டது. வெறும் இடம் என்று எழுதிவைத்த பிறகு அங்கே எதையும் கொட்டலாம், அங்கிருந்து எதையும் அள்ளலாம்.

நெய்தல் பாடல்களில் இந்த மேட்டுக்கு 'எக்கர்' என்று பெயர். உரைகாரர்கள் மணல்மேடு என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுத் தலைவியின் துயரத்துக்குப் போய்விடுவார்கள். வகுப்பில் நாங்கள் படித்ததும் அப்படித்தான். எக்கர் என்பது கருப்பொருள் பட்டியலில் ஓர் அலங்காரம். ஆனால் பாடல்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் எக்கர் சும்மா இருக்கிற இடமில்லை. அங்கே அடும்பு படர்கிறது, ஞாழலும் புன்னையும் நிற்கின்றன, தாழை வேலியாகிறது, சிறுமிகள் மணலில் பாவை செய்கிறார்கள், நண்டை விரட்டுகிறார்கள், மீன் உலர்கிறது, காவலுக்கு ஆள் உட்கார்ந்திருக்கிறது. உழவு கிடையாது என்பதைத் தவிர எல்லாமே அங்கே நடக்கிறது.

அடும்பு அங்கே படர்வது கவிஞரின் ரசனைக்காக அல்ல. மேட்டைக் கட்டுகிற கொத்தனாரே அதுதான். காற்று மணலை உருட்டிக்கொண்டு வருகிறது. வழியில் ஏதாவது தடுத்தால் அதன் பின்பக்கம் காற்றின் வேகம் குறைந்து மணல் இறங்குகிறது. அலை ஒதுக்கிய பாசி, சருகு, தாழங்காய் இவற்றைச் சுற்றி முதலில் ஒரு கையளவு மேடு. அதன்மேல் குளம்பு மாதிரிப் பிளந்த இலையோடு அடும்பு, இன்றைய பேச்சில் அடப்பங்கொடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுகிறது. கூடவே இராவணன் மீசை. அதன் முள்பந்து காற்றில் கழன்று கரைநெடுக உருண்டுபோய் விதைக்கும். கடற்கரைப் பிள்ளைகள் அதைத் துரத்தி விளையாடுவது உண்டு. மணல் மூட மூட இந்தச் செடிகள் மேலே கிளம்புகின்றன, அவை கிளம்பக் கிளம்ப மேடும் உயர்கிறது. புயல் வந்தால் மேடு தன் மணலைக் கடலுக்குக் கொடுக்கும். அமைதியான மாதங்களில் அலையும் காற்றும் அதைத் திருப்பிக் கொண்டுவரும். பெய்த மழை மேட்டுக்குள் இறங்கி, உப்புத்தண்ணீரின்மேல் நல்ல தண்ணீராக மிதந்து நிற்கும். கடலுக்கு இருபது முப்பதடி தள்ளி மணலைக் கையால் பறித்துக் குடிதண்ணீர் எடுக்கிற ஊர்கள் தென்கரையில் உண்டு.

இனி காகிதம். ரயத்துவாரி நிலவரித் திட்டம் சென்னை மாகாணத்தை அளந்து எழுதியபோது அதன் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த நிலத்திலிருந்து எவ்வளவு தீர்வை வரும்? நன்செய், புன்செய் என்று வந்ததெல்லாம் கணக்குக்குள். வராதது 'புறம்போக்கு', அல்லது 'தீர்வை ஏற்படாத தரிசு'. ஆங்கிலப் பதிவேட்டில் இந்தத் தரிசுக்குச் சொல் 'வேஸ்ட்'. உழப்படாத நிலம் வேஸ்ட் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஜான் லாக் தத்துவம் எழுதியாகிவிட்டது. உழைப்பு கலந்தால்தான் நிலம் சொத்தாகும். உழைப்பு என்றால் அவருக்கு உழவு. மீன் உலர்த்துவதும் வலை பின்னுவதும் கட்டுமரத்தை ஏற்றி வைப்பதும் அந்தக் கணக்கில் உழைப்பாகாது. ஆங்கிலத்தில் தரிசுக்கும் கழிவுக்கும் ஒரே சொல் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். தமிழில் நடந்ததைத் தள்ளிவிட முடியாது. 'புறம்போக்கு' என்ற வருவாய்த்துறைச் சொல் நூறு வருஷத்துக்குள் தெருச்சண்டையில் மனிதனைத் திட்டுகிற வசவாகிவிட்டது. ஊருக்கே பொதுவாக இருந்த இடத்தின் பெயர், 'போடா பொறம்போக்கு' ஆனது. 2017இல் எண்ணூரை முன்வைத்து டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாட்டு இந்தச் சொல்லைத் தலைகீழாகப் புரட்டிப்போட முயன்றது. பாட்டு பரவியது, பதிவேட்டில் சொல் அப்படியே இருக்கிறது.

வெற்றிடம் என்று அறிவித்தால் அடுத்து அதை நிரப்பியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சோழமண்டலக் கரையில் சவுக்கு வந்தது. நகரத்துக்கு விறகு, ரயிலுக்கு எரிபொருள். அடும்பும் இராவணன் மீசையும் 'களை' ஆயின. இன்னொரு பக்கம், 1909இல் ஜெர்மானிய வேதியியலர் ஷாம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து அதில் மோனசைட் இருக்கக் கண்டார். மணவாளக்குறிச்சி மணல் அது. அன்றைய விளக்குவலைகளுக்குத் தோரியம் தேவைப்பட்டது. கயிற்றில் ஒட்டிய அழுக்கு ஒரே நாளில் கனிமமாயிற்று. அழுக்கு என்று எதற்கும் தனிக்குணம் கிடையாது, தனக்குரிய இடத்தை விட்டு விலகிக் கிடப்பதே அழுக்காகப் படுகிறது என்று மேரி டக்ளஸ் 1966இல் எழுதியதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா என்ன? ஆனால் இங்கே இடத்தை முடிவு செய்தது சந்தை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று தொடங்கிய மணல் அள்ளல் இல்மனைட், கார்னெட் என்று விரிந்து தென்மாவட்டக் கரைகளில் மேடுகளை எந்தப் பாடு படுத்தியது என்பது தனிக் கட்டுரைக்குரிய கதை. தனியார் அள்ளுவதைத் தமிழக அரசு 2013இல்தான் நிறுத்திவைத்தது.

மெரினாவை இங்கே தொடாமல் போக முடியாது. 1870களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானத்தால் தெற்கே மணல் சேர்ந்து உருவான கரை அது. கிராண்ட் டஃப் வைத்த பெயர் அது. 1985இல் அதை அழகுபடுத்த அரசு கிளம்பியபோது அகற்ற வேண்டியவையாகக் கண்ணில் பட்டவை கட்டுமரங்களும் வலைகளும். மீனவர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. சுண்டல் பொட்டலம் வீசிவிட்டுப் போகிறவருக்கு மணல் பொழுதுபோக்கு. வலை காயவைக்கிறவர் அங்கே அசிங்கம். நகரத்துக்காரர் வாயில் 'குப்பம்' என்ற சொல் 'குப்பை'க்கு எவ்வளவு நெருக்கமாக ஒலிக்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்டால் தெரியும்.

இனி பாத்திரங்களின் கதை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் தேரி என்று செம்மணல் மேடுகள் உண்டு. காற்று பல ஆயிரம் ஆண்டுகளாகக் குவித்தவை. அங்கே கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்சினும் 1956இல் எழுதிய கட்டுரை தொல்லியல்காரர்கள் மறக்காதது. அந்தத் தேரியில் பனை நிற்கிறது. பனை ஓலையில் பெட்டி, கொட்டான், கடவம், பாய், பட்டை. கருப்பட்டி ஓலைப்பெட்டியில் போனது, மீன் ஓலைக்கூடையில் போனது, பதநீர் பட்டையில் குடிக்கப்பட்டது. மணல்மேட்டுக்காரர்கள்தான் ஊருக்குப் பாத்திரம் செய்து கொடுத்தவர்கள் என்றாலும் மிகையில்லை. அந்தப் பாத்திரம் கிழிந்தால் அடுப்புக்கு, இல்லாவிட்டால் மண்ணுக்கு. வலையும் அப்படித்தான். பருத்தி நூலும் சணலும் சீக்கிரம் மக்கிவிடும் என்பதால் பட்டைச்சாற்றில் முக்கித் துவரேற்றுவார்கள். அது ஒரு தொல்லை பிடித்த வேலை, பெரும்பாலும் ஓயாத வேலை. நைலான் வந்தபோது அதை வரவேற்றதில் குற்றம் காண எனக்கு வாய் வராது. கேரளத்தின் நீண்டகரையில் 1953இல் தொடங்கிய இந்தோ நார்வே திட்டமும் அதைத் தொடர்ந்த இயந்திரமயமாக்கலும் விசைப்படகையும் செயற்கை இழையையும் மேற்குக் கரையில் பரப்பின. பின்னால் கிழக்கிலும் அதுவே நடந்தது. மக்காத வலை மீனவருக்கு லாபம். கிழிந்த பிறகும் அது மக்கவில்லை என்பது பிறகுதான் மணலுக்குத் தெரிந்தது.

பாலித்தீன் 1933இல் இங்கிலாந்தில் ஐசிஐ ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்த பொருள். இன்று கடையில் தருகிற கைப்பிடிப் பைக்கு ஸ்வீடன்காரர் துலின் பெயரில் அமெரிக்கக் காப்புரிமை 1965இல். இந்திய அரசு வதோதராவில் பெட்ரோ ரசாயன நிறுவனம் தொடங்கியது 1969இல். இவை உலகக் கதை. நம் கரைக்கு நெருக்கமான கதை கடலூரில் இருக்கிறது. அங்கே சின்னிகிருஷ்ணன் என்பவர் 1970களில் சிறு பொட்டலங்களில், அதாவது சாஷேயில், பொருளை அடைத்து விற்கும் வழியைக் கண்டார். அவர் குடும்பத்திலிருந்தே 1983இல் சிக் ஷாம்பு வந்தது. புட்டி வாங்க வக்கில்லாதவரும் வாசனையாகத் தலை குளிக்கலாம் என்றாயிற்று. வணிகப் பாடநூல்கள் இதைப் புரட்சி என்கின்றன, ஒரு அர்த்தத்தில் அது சரியும்கூட. பணக்காரர் வீட்டுக் குளியலறையில் மட்டும் இருந்த ஒன்று கூலிக்காரியின் முந்தானை முடிச்சுக்கு வந்தது. ஆனால் பல அடுக்கு ஒட்டிய அந்தப் பொட்டலத்தைப் பழைய சாமான்காரர் வாங்க மாட்டார். எடைக்குப் போட முடியாத பிளாஸ்டிக் அது. சரக்கின் விலை ஏழைக்கேற்றபடி குறைந்தது, பொட்டலத்தின் பொறுப்பு அப்படியே அவள் தலையில் விழுந்தது. இன்று கரையில் அதைப் பொறுக்கிக் காட்டி 'ஜனங்களுக்குப் புத்தி இல்ல' என்கிறோம்.

இந்தப் பொருட்கள் மேட்டுக்குள் போய் என்ன செய்கின்றன? முதலில், மேடு கட்டுகிற வேலையையே அவை திருடுகின்றன. ஒரு புட்டியும் காற்றைத் தடுக்கும், வலைச்சுருளும் தடுக்கும். அதன் பின்னாலும் மணல் இறங்கும். பார்க்க மேடு மாதிரியே இருக்கும். உள்ளே வேர் இருக்காது. கொடி கணுவில் வேர்விட்டு இறங்க வேண்டிய இடத்தில் பை விரிந்து கிடந்தால் வேர் அதன்மேல் வழுக்கிப் போகும், மழைத்தண்ணீரும் அதில் தங்கி ஆவியாகும். இராவணன் மீசையின் பந்து உருண்டு வந்து நைலான் வலையில் சிக்கி அங்கேயே காய்கிறது. இத்தாலியில் பைசா பல்கலைக்கழகத்தார் பைகளை ஊறவைத்த நீரைக் கொண்டு மணல்மேட்டுச் செடிகளின் விதைகளை முளைக்கவிட்டுப் பார்த்தார்கள். சாதாரணப் பை மட்டுமின்றி, மக்கும் என்று விற்கப்படுகிற பையின் சாறும் முளைப்பையும் நாற்றையும் மாற்றியது. வெயிலில் நொறுங்கிய பிளாஸ்டிக் மணலோடு மணலாகிவிட்டால் தண்ணீர் இறங்கும் விதமும் சூடு பரவும் விதமும் மாறுகின்றன. பங்குனி ஆமை கரையேறி முட்டையிடுவது அந்த மணலில்தான். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடுதான்.

மேடு எதையும் வெளியே தள்ளுவதில்லை, மூடி வைத்துக்கொள்கிறது. தேரி நுண்கற்களை மூடி வைத்த மாதிரி. புயல் அலை ஒரு மேட்டைச் செங்குத்தாக அறுத்துவிட்டால் அறுபட்ட முகத்தில் அடுக்கடுக்காகப் பார்க்கலாம்: பாசிக் கோடு, கிளிஞ்சல் கோடு, பை, மறுபடி மணல், நீலக்கயிறு. பாடபேதம் பார்த்துச் சுவடிக்குக் காலம் கணிக்கிற நம் ஆட்களுக்கு இது பழகிய வேலையாகத்தான் இருக்கும். பொட்டலத்தில் விலையும் தேதியும்கூட அச்சாகியிருக்கிறது.

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்குமேல் இறந்தார்கள். உயர்ந்த மேடும் செடியும் மிஞ்சியிருந்த இடங்களில் தண்ணீரின் வேகம் குறைந்தது என்பதை அப்புறம் வந்த கள ஆய்வுகள் பதிவு செய்தன. மேட்டை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் அந்தப் பாதை வழியாகவே கடல் உள்ளே வந்தது. தரிசு என்று எழுதப்பட்ட நிலம் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பது ஒரு காலைப்பொழுதில் தெரிந்தது. தெரிந்து என்ன செய்தோம்? பல இடங்களில் மேட்டின்மேல் மறுபடி சவுக்கை நட்டோம். நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகளைக் கொட்டினோம், மீன்பிடிக்க ஆள் போதாத அளவுக்கு. கட்டுமரம் உடைந்தால் விறகு. கண்ணாடியிழை உடைந்தால் யாருக்கும் உபயோகமில்லை, மேட்டின்மேல் இழுத்துப் போட வேண்டியதுதான். எரித்தால் புகை நெஞ்சை அடைக்கும்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே மணல்மேடுகளைச் சமன்செய்வதையும் மாற்றுவதையும் தடுத்தது. 2011இல் மணல்மேடு முதல் வகைப் பாதுகாப்புக்குள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. தடை யார்மேல் விழுந்தது என்று பாருங்கள். பூக்காரியின் பை, டீக்கடையின் குவளை, இளநீர்க்காரரின் உறிஞ்சுகுழல். ஆலையிலேயே அடைத்து வருகிற பொட்டலத்துக்கு முதலில் விலக்கு இருந்தது; 2020இல் விலக்கு நீக்கப்பட்டது. பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குவது மட்டும் தொங்கிக்கொண்டேயிருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. மஞ்சப்பைக்காரன் என்று கிராமத்தானைக் கேலி செய்த சொல்லை அரசு விளம்பரமாக்கியது எனக்குப் பிடித்தே இருந்தது. ஆனால் பை மாறினாலும் பைக்குள் போகிற பொட்டலம் அதேதான்.

துப்புரவு முகாம்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மாணவர்களும் கம்பெனி ஊழியர்களும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு பொறுக்குகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சுத்தமான கரை என்பதற்கு அவர்கள் மனதில் இருக்கிற படம், மழமழவென்று எதுவுமில்லாத மணல். பாசி, சருகு, கொடி எல்லாம் அந்தப் படத்தில் குப்பை. கரை சுத்தம் செய்யும் இயந்திரம் வந்தபிறகு இது இன்னும் மோசம்: அது பிளாஸ்டிக்கோடு சேர்த்து அடுத்த மேட்டின் கருவையும் வாரிப் போகிறது. சர்வே அதிகாரியின் வெற்றுநிலம் மறுபடி உருவாகிறது, இம்முறை அழகியலின் பேரில்.

கடைசியாக, 'நாம் வீசுகிறோம்' என்ற வாதத்துக்குள் எப்படியும் அடங்காத ஒன்று. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. அதிலிருந்தது சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மூலத்துகள். இன்னும் பையாகவோ புட்டியாகவோ ஆகாதது, யாரும் உபயோகிக்காதது, யாரும் வீசாதது. ஜவ்வரிசி மாதிரி இலங்கையின் மேற்குக் கரையில் முழங்கால் புதைய ஒதுங்கியது. 2025 மே 25இல் எம்எஸ்சி எல்சா 3 கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதன் துகள்கள் திருவனந்தபுரத்தைத் தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டக் கரைக்கு வந்தன. அதே ஆண்டு ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் எக்ஸ்பிரஸ் பேர்ல் உரிமையாளர் தரப்பு 100 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெயர் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்திக் கணக்குக் கேட்ட அபூர்வமான தருணம் அது.

துகளை மணலிலிருந்து பிரிக்க இதுவரை கண்டிருக்கிற வழி சாதாரணமானது. மணலை அள்ளிச் சல்லடையில் போட்டுச் சலிக்க வேண்டும், அல்லது தண்ணீரில் கொட்டினால் துகள் மிதக்கும், கையால் வழித்தெடுக்கலாம். கன்னியாகுமரிக் கரைக்கு இந்த வேலை புதிதில்லை. நூறாண்டுக்கும் மேலாக அங்கே மணல் சலிக்கப்படுகிறது, மோனசைட்டுக்காக. அப்போது கருமணல் மூட்டைக்குள் போனது, வெள்ளை மணல் கரையில் தங்கியது. இப்போது மூட்டைக்குள் போவது வெள்ளைத் துகளும் அதோடு ஒட்டிக்கொண்ட மணலும். இலங்கையில் அப்படிக் கட்டிய மூட்டைகள், கரைக்குத் திரும்ப முடியாத மணலோடு, ஆண்டுக்கணக்கில் கிடங்கில் அடுக்கிக் கிடந்தன. குன்று மாதிரிக் குப்பையாக, வாங்க உமணர் யாரும் வராமல்.